குஞ்சின் பெயர் புறாவுக்கு வந்த கதை



ஆங்கிலப் பாடநூலில் புறாவின் படத்துக்குக் கீழே 'பிஜன்' என்று போட்டிருக்கும். பிள்ளைகளும் எழுத்துக்கூட்டிப் படித்து மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சொல் பிறந்தபோது அது புறாவின் பெயரே இல்லை, புறாக்குஞ்சின் பெயர் என்பது உங்களுக்குத் தெரியுமா?

இலத்தீன் மொழியில் 'பிப்பியோ' என்றால் கீச்சுக்கீச்சென்று கத்தும் குஞ்சு. கத்துகிற சத்தமே பெயராகிவிட்டது. நாம் காக்கா என்று சொல்லவில்லையா, அதுபோலத்தான். பிரெஞ்சுக்காரர் வாயில் அது 'பிஜோன்' ஆயிற்று. 1066-ஆம் ஆண்டில் பிரான்சின் நார்மண்டிப் பிரபு வில்லியம் இங்கிலாந்தை வென்றார். அதன்பின் நெடுங்காலம் அங்கே அரண்மனையிலும் பிரபுக்கள் வீட்டிலும் பிரெஞ்சுதான் பெரிய மொழி. அந்த வழியாக வந்த சொல், 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கில எழுத்தில் காணப்படுகிறது. அப்போதும் அதற்குக் குஞ்சு என்றே பொருள். பெரிய புறாவைக் குறிக்க 'கல்வர்', 'டவ்' என்ற சொற்கள் இருந்தன.

அப்புறம் குஞ்சின் பெயர் தாய்க்கு எப்படிப் போயிற்று? சமையல்கட்டு வழியாகத்தான் என்பது என் எண்ணம். பிரபுக்கள் நூற்றுக்கணக்கான பொந்துகள் வைத்துக் கல்லாலே புறாக்கூடு கட்டினார்கள். ஒரு ஜோடி இரண்டு முட்டை இடும். பதினேழு பதினெட்டு நாளில் பொரியும். நாலு வாரத்தில் குஞ்சு கொழுத்துவிடும், ஆனால் இன்னும் பறந்திருக்காது. அதனால் கறி மெத்தென்று இருக்கும். மேசைக்கு வந்தது பெரும்பாலும் குஞ்சுதான். சாப்பிட்டவர்கள் சொன்ன பெயர்தானே நிலைக்கும்!

பெயரைத் தாய் எடுத்துக்கொண்டதும் குஞ்சுக்கு வேறு பெயர் வேண்டியதாயிற்று. 17-ஆம் நூற்றாண்டில் 'ஸ்குவாப்' வந்தது. முதலில் அது கொழுகொழுன்னு குண்டாக இருக்கும் ஆளைச் சொல்லும் சொல். நாற்காலி மெத்தைக்கும் அதே பெயர். இறகு முளைக்காத புறாக்குஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நம் தொல்காப்பியரோ மரபியலில் பறவைக் குஞ்சுகளுக்குப் பார்ப்பு, பிள்ளை என்று இரண்டு பெயர் சொல்லி வைத்திருக்கிறார். பார்ப்பு நம் பேச்சில் இல்லை. கிளிப்பிள்ளை மட்டும் இருக்கிறது.

சரி, அத்தனை புறாவுக்கும் தீனி போட்டது யார்? பிரபு அல்ல. அவை காலையில் பறந்துபோய்க் குடியானவன் வயலில் விதையையும் கதிரையும் தின்றுவிட்டுச் சாயங்காலம் பிரபுவின் கூட்டுக்குத் திரும்பின. விதைத்தவன் கல்லெடுத்து எறிய முடியாது, எறிந்தால் தண்டனை. பிரான்சில் பெரிய புறாக்கூடு வைப்பது பிரபுக்களின் தனி உரிமையாகவே இருந்தது. புரட்சியின்போது, 1789 ஆகஸ்டு 4-ஆம் தேதி இரவு, தேசிய சபை பிரபுக்களின் உரிமைகளை ஒழிக்க முடிவு செய்தது. அந்தச் சட்டத்தில் புறாவுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. ஊரார் குறிக்கும் காலங்களில் புறாக்களை அடைத்து வைக்க வேண்டும். வெளியே வந்தால், தன் நிலத்தில் இறங்கிய புறாவை எவனும் கொல்லலாம்.