வெளியேறியோரும் பின் பிறந்தோரும்

சின்ன வயதில் வாப்பாவோடு புடவைக் கட்டுடன் நெல்லியடிச் சந்தைக்குப் போகும் வழியில்தான் கரவெட்டி எனக்கு அறிமுகம். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி பிறந்த அவ்வூருக்கு, அண்மையில் ஓர் இலக்கியக் கூட்டத்தின் பொருட்டு மீண்டும் போயிருந்தேன். ஒழுங்கைகளில் பூட்டிய வீடுகள் பல. திறந்திருந்த ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். தனியாக இருந்த முதிய தாயார் செம்பை நீட்டியபடி, "தம்பிக்கு எத்தினை பிள்ளையள்?" என்று விசாரித்தார்.

"நாலு பேர் அம்மா."

"நான் ஆறு பெத்தனான். எல்லாரும் கனடாவிலையும் லண்டனிலையும். பேரப்பிள்ளையள் எல்லாமாச் சேர்த்து ஒன்பதுதான்."

அக்கணக்கில் ஒரு வரலாறு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் யாழ்ப்பாணத்தார் எழுதுவினைஞர்களாகவும் புகையிரதப் பகுதி ஊழியர்களாகவும் மலாயாவுக்குப் போயினர். முதலில் ஆண்கள் போனார்கள், பிறகு ஊரிலிருந்தே மணப்பெண்களை அழைத்துக்கொண்டனர். 1983 இன் பின்னரான புலப்பெயர்வு வேறுவகையானது. மேற்கு நாடுகளில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகவேண்டும். பிள்ளையை ஏந்த அம்மாவோ மாமியோ அருகில் இல்லை. கனடாவின் கருவள வீதம் இன்று ஒரு பெண்ணுக்கு 1.3 பிள்ளைகள் அளவுக்கு இறங்கிவிட்டது. குடிபெயர்ந்த பெண்களின் மகள்மார் பெரும்பாலும் தாம் வளர்ந்த நாட்டின் வழக்கத்தையே நெருங்குகின்றனர் என்பது குடித்தொகையியலார் பல நாடுகளிற் கண்டது.

எங்கள் கதை 1990 ஒக்டோபரில் தொடங்குகிறது. விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரை வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் எமக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஓலைக் குடிசைகளில் ஒதுங்கினோம். சோனகத்தெருவில் உம்மா ஏழு பேரைப் பெற்றவர். படிப்பு இடைநின்ற ராத்தாவுக்கு, வயதுவந்த பெண்ணை முகாமில் வைத்துக் காப்பது எப்படி என்ற அச்சத்தில், 17 வயதில் நிக்காஹ் முடித்தார்கள். அவருக்கு நான்கு பிள்ளைகள். புத்தளத்தில் பிறந்த அவரின் மூத்த மகள் ஆசிரியை. 26 வயதில் மணமுடித்தாள், பிள்ளைகள் இருவர். ஒரே குடும்பத்தில் ஏழு, நான்கு, இரண்டு. இலங்கை முழுவதிலும் 1953 இல் ஐந்துக்கு மேலிருந்த கருவள வீதம் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டை அண்மித்தது. முஸ்லிம்களிடையே அது ஏனையோரைவிடச் சற்று உயர்வு. எனினும் திசை ஒன்றுதான்.

இக்கணக்கு எமக்கு வெறும் ஆய்வுப் பொருளன்று. 2009 இல் போர் முடிந்து மீள்குடியேறப் போனபோது, 1990 இல் ஒரு குடும்பமாக வெளியேறியவர்கள் மூன்று நான்கு குடும்பங்களாக வந்து நின்றனர். காணியோ ஒன்று. 'போனவர்களைவிட வருகிறவர்கள் அதிகம்' என்ற சந்தேகம் எழுந்தது. ஆண்டுக்கு 1.5 வீதப் பெருக்கம் என்று கொண்டாலே 75,000 பேர் இருபது ஆண்டுகளில் ஒரு இலட்சத்தைத் தாண்டுவர். இதில் மோசடி எங்கே? வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றிய பிரஜைகள் ஆணைக்குழுவின் அறிக்கை 2011 இல் வெளிவந்தது. ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. முஸ்லிம் பெண்ணின் கருப்பையை அச்சத்தோடு எண்ணும் அரசியல் தெற்கில் வளர்ந்தது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் உணவுக்கடை ஒன்றில் மலட்டு மாத்திரை கலப்பதாகக் கிளம்பிய வதந்தி, கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கும் அளவுக்குப் போயிற்று.

விடைபெறும்போது அந்தத் தாயார் கேட்டார்: "உங்கட ஆக்கள் திரும்பி வந்திட்டினமோ?"

"கொஞ்சப் பேர் அம்மா. பிள்ளைகள் புத்தளத்தில் பிறந்தவர்கள்."

"அதுக்கென்ன, என்ர பேரன் ரொறன்ரோவிலை பிறந்தவன். அவனும் கரவெட்டியான்தானே."

ராத்தாவின் மகளுக்கும் இந்த நியாயம் பொருந்த வேண்டும். அதற்கு ஆதாரம் வேண்டும். புத்தளத்துப் பள்ளிவாசல்களின் நிக்காஹ் பதிவேடுகளும் முகாம்களில் பிறந்தோரின் பிறப்புச் சான்றிதழ்களும் செல்லரித்துப் போகுமுன் ஊர்வாரியாகத் தொகுக்கப்படல் வேண்டும். கதை, கவிதை எழுதும் நாம் இந்தப் பணியையும் கையிலெடுக்கலாம்.