புத்தகக்குறி மேலாளர்: உலாவியிலிருந்து சொந்த வழங்கி வரை

இணையத்தில் படித்த பக்கம் ஒன்றின் முகவரியைப் பின்னால் தேடி எடுப்பதற்காகச் சேமித்து வைப்பதைப் புத்தகக்குறி என்கிறோம். இக்குறிகளைத் திரட்டி, வகைப்படுத்தி, தேடித் தரும் மென்பொருள் புத்தகக்குறி மேலாளர். இன்று இதற்கெனப் பல கட்டற்ற மென்பொருள்கள் உள்ளன. அவற்றை நமது சொந்தக் கணினியிலோ வாடகை வழங்கியிலோ நிறுவி, எந்த நிறுவனத்தையும் சாராமல் நடத்தலாம். இவை தோன்றிய காரணத்தை அறிய, இதற்கு முன் இருந்த சேவைகள் எப்படி மூடப்பட்டன என்பதைப் பார்க்க வேண்டும்.

தொடக்கம்

இணையம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தத் தேவை உணரப்பட்டது. அமெரிக்கப் பொறியாளர் வன்னெவர் புஷ் 1945 ஜூலையில் எழுதிய கட்டுரையில் 'மெமெக்ஸ்' என்ற கற்பனைக் கருவியை விவரித்தார். நுண்படச் சுருள்களில் நூல்களைச் சேமிக்கும் மேசை அது. படித்தவற்றை ஒன்றோடொன்று கோத்து 'தடங்களாக' வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம்.

1993இல் வெளிவந்த மொசைக் உலாவி, பிடித்த பக்கங்களின் பட்டியலை 'ஹாட்லிஸ்ட்' என்றது. நெட்ஸ்கேப் அதைப் புத்தகக்குறி என்றது. மைக்ரோசாப்ட் 'விருப்பங்கள்' என்றது. நெட்ஸ்கேப் இந்தப் பட்டியலைச் சாதாரண எச்.டி.எம்.எல். கோப்பாகச் சேமித்தது. ஒவ்வொரு இணைப்பும், அதைச் சேர்த்த நேரமும், எந்த உறையில் உள்ளது என்பதும் அதில் இருக்கும். நெட்ஸ்கேப் உலாவிக்கான ஆதரவு 2008இல் நின்றுபோனது. ஆனால் இன்று குரோமிலோ பயர்பாக்சிலோ புத்தகக்குறிகளை ஏற்றுமதி செய்து, கிடைக்கும் கோப்பை உரைத் தொகுப்பியில் திறந்து பாருங்கள். முதல் வரியில் நெட்ஸ்கேப்பின் பெயர் இருக்கும். யாரும் திட்டமிட்டு உருவாக்காத இந்தப் பொதுத்தரம், பின்னாளில் பலருடைய சேகரிப்பைக் காப்பாற்றியது.

டெலிசியஸும் அதன் கைமாற்றங்களும்

உலாவியில் உள்ள பட்டியல் ஒரே கணினியில் அடைபட்டிருந்தது. அலுவலகத்தில் சேமித்ததை வீட்டில் பார்க்க முடியாது. இணைப்புகளை இணையத்திலேயே சேமிக்கும் சேவைகள் 1996 முதல் வந்தன என்றாலும், பெரும் வெற்றி கண்டது 2003இல் ஜோஷுவா ஷாக்டர் தொடங்கிய டெலிசியஸ். அவர் அப்போது நியூயார்க்கில் நிதி நிறுவனம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். தம் இணைப்புகளை ஓர் உரைக்கோப்பில் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓரிரு அடையாளச் சொற்களைக் குறித்து வைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. அந்தப் பழக்கமே குறிச்சொல் முறையாக மாறியது.

உறைக்குள் உறை என்ற அடுக்குமுறையில் ஓர் இணைப்பு ஓரிடத்தில்தான் இருக்கும். குறிச்சொல் முறையில் ஒரே கட்டுரைக்கு 'வரலாறு', 'கடல்', 'படிக்க வேண்டும்' என எத்தனை சொற்களையும் இடலாம். பலர் இட்ட சொற்கள் ஒன்றுசேர்ந்தபோது, நூலக வல்லுநர் எவரும் வகுக்காத ஒரு பகுப்புமுறை தானே உருவாயிற்று. தாமஸ் வாண்டர் வால் 2004இல் இதற்கு 'போக்சோனமி' என்று பெயரிட்டார். மக்கள் பகுப்பு எனலாம்.

2005 டிசம்பரில் டெலிசியஸை யாகூ வாங்கியது. 2010 டிசம்பரில், மூடப்படவுள்ள சேவைகளின் வரிசையில் டெலிசியஸும் இருப்பதைக் காட்டும் யாகூவின் உள்சுற்றுப் படவில்லை ஒன்று வெளியே கசிந்தது. பயனர்கள் அலறியடித்துத் தங்கள் பட்டியலை ஏற்றுமதி செய்தார்கள். மூடப்போவதில்லை, விற்கப்போகிறோம் என்றது நிறுவனம். 2011இல் யூடியூபின் நிறுவனர்களான சாட் ஹர்லியும் ஸ்டீவ் சென்னும் நடத்திய ஆவோஸ் நிறுவனத்திடம் அது போனது. தரவை மாற்றப் பயனர் தனியே ஒப்புதல் தர வேண்டும் என்றார்கள். தராதவர்களின் சேகரிப்பு புதிய இடத்துக்கு வரவில்லை. அதன்பின் மேலும் இரு முறை கைமாறியது. கடைசியில் 2017 ஜூனில், போட்டிச் சேவையான பின்போர்டு 35,000 டாலருக்கு அதை வாங்கி, இனிப் படிக்க மட்டும் என்று நிறுத்தியது. பின்போர்டு ஒரே ஒருவர் கட்டணம் வாங்கி நடத்திய சிறு சேவை என்பது குறிப்பிடத்தக்கது.

இன்னொரு சேவையின் முடிவு இதைவிடத் துயரமானது. மக்னோலியா என்ற புத்தகக்குறித் தளத்தின் தரவுத்தளம் 2009 ஜனவரி 30 அன்று பழுதடைந்தது. காப்புப்பிரதி இருந்தது, ஆனால் பழுதான கோப்பையே அது படியெடுத்திருந்தது. பயனர்களின் சேகரிப்பை மீட்க முடியவில்லை. அந்தத் தளத்தைக் கட்டற்ற மென்பொருளாக மாற்றி எழுதும் திட்டம் முந்தைய ஆண்டுதான் அறிவிக்கப்பட்டிருந்தது.

கட்டற்ற மாற்றுகள்

2000களின் நடுப்பகுதியிலேயே ஸ்கட்டில் என்ற கட்டற்ற மென்பொருள், டெலிசியஸ் போன்ற தளத்தை எவரும் தம் வழங்கியில் நிறுவ வழிசெய்தது. டெலிசியஸின் நிரல் இடைமுகத்தையே அது பின்பற்றியதால், அதற்கென எழுதிய சில கருவிகள் இதிலும் இயங்கின.

2011இல் பிரெஞ்சு நிரலர் செபாஸ்தியன் சோவாஜ் 'ஷார்லி'யை வெளியிட்டார். ஒருவர் மட்டும் பயன்படுத்துவதற்கான மென்பொருள்; தரவுத்தளமே வேண்டாம், எல்லா இணைப்புகளும் ஒரு கோப்பில் இருக்கும். பி.எச்.பி. இயங்கும் மலிவான வழங்கி போதும். காப்புப்பிரதி வேண்டுமா? கோப்புறையை நகலெடுத்தால் முடிந்தது. அவரால் தொடர்ந்து நேரம் ஒதுக்க முடியாதபோது, மற்ற பங்களிப்பாளர்கள் நிரலைக் கிளைபிரித்து வளர்த்தார்கள். மூலநிரல் திறந்திருப்பதன் நடைமுறைப் பயன் இதுவே. கட்டற்ற மென்பொருள் ஒருபோதும் கைவிடப்படாது என்று சொல்லிவிட முடியாது. கைவிடப்பட்டதை வேறொருவர் எடுத்துக்கொள்ளத் தடை இல்லை, அவ்வளவே.

2013இல் வந்த மற்றொரு பிரெஞ்சுத் திட்டத்தின் பெயர் 'போஷ்'. பிரெஞ்சு மொழியில் சட்டைப்பை என்று பொருள். 'பாக்கெட்' என்ற வணிகச் சேவை பெயர் குறித்து எதிர்ப்புத் தெரிவிக்கவே, வயிற்றுப்பையுள்ள வாலபி என்ற விலங்கை நினைவூட்டும் 'வாலபேக்' என்று 2014இல் பெயர் மாறியது. இது முகவரியோடு கட்டுரையின் உரையையும் சேமிக்கிறது. அது ஏன் தேவை என்பதை ஒரு புள்ளிவிவரம் காட்டும்: 2013இல் இருந்த இணையப்பக்கங்களில் 38 சதவீதம் 2023இல் கிடைக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024இல் தெரிவித்தது. முகவரி மட்டும் கையில் இருந்து பக்கம் போய்விட்டால் புத்தகக்குறியால் பயனில்லை.

டாக்கர், இலவசப் பாதுகாப்புச் சான்றிதழ், ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகள் ஆகியவை பரவிய பிறகு, சொந்த வழங்கி நடத்துவது ஒரு மாணவராலும் முடிகிற வேலையாயிற்று. ஒரே கோப்பிலான எஸ்கியூலைட் தரவுத்தளத்துடன் இயங்கும் லிங்டிங், பக்கத்தின் படத்தையும் பி.டி.எப். நகலையும் வைத்துக்கொள்ளும் லிங்வார்டன், செயற்கை நுண்ணறிவால் குறிச்சொல் இடும் காராகீப் ஆகியவை இக்காலத்தவை.

இத்தகைய மென்பொருளைத் தாமே எழுதிப் பார்க்க விரும்பும் மாணவருக்கு, அடிப்படை எளிது: இணைப்புகளுக்கு ஓர் அட்டவணை, குறிச்சொற்களுக்கு ஒன்று, இரண்டையும் இணைக்க ஒன்று. தமிழுக்கென இரண்டு சிக்கல்கள் உண்டு. 'தமிழ்' என்ற ஐந்து குறிகள் கொண்ட சொல், இணைய முகவரியில் சதவீதக் குறியீடாகும்போது 45 எழுத்துருக்களாக நீள்கிறது; திரையில் அதை மீண்டும் தமிழாக்கிக் காட்ட வேண்டும். அடுத்தது, 'கொ' என்பதன் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடலில் இரண்டும் பொருந்தா. சேமிக்கும் முன் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

பாக்கெட் மூடப்படுதல்

2007இல் தொடங்கிய பாக்கெட்டை 2017இல் மொசில்லா வாங்கியது. பயர்பாக்ஸ் உலாவியுடனேயே வந்ததால் பலர் அதை நிலையானது என நம்பினர். 2025 ஜூலை 8 அன்று அது மூடப்பட்டது. இதற்குச் சில மாதங்கள் முன்பு, 2024 நவம்பரில், ஆம்னிவோர் என்ற சேவையும் மூடப்பட்டிருந்தது. ஆனால் அதன் மூலநிரல் திறந்திருந்ததால், அதைச் சொந்த வழங்கியில் நிறுவித் தொடர்ந்து பயன்படுத்த வழி இருந்தது. பாக்கெட் பயனர்களுக்குக் கிடைத்தது ஏற்றுமதிக் கோப்பு ஒன்றுதான். வாலபேக், காராகீப் முதலியவை அதை ஏற்றுக்கொண்டன. தலைப்பும் முகவரியும் குறிச்சொற்களும் வந்து சேர்ந்தன. சேமித்த கட்டுரைகளின் உரை அந்தக் கோப்பில் இல்லை. மூலப்பக்கம் மறைந்துபோன கட்டுரைகளுக்கு வெறும் தலைப்பு மட்டுமே மிஞ்சியது.