பதினாறு வயதுக்குக் கீழே

சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் திருச்சி – சென்னை சாலையில் வடக்கே போகும் பேருந்துகளில் திருநங்கைகள் கூட்டங்கூட்டமாகப் போவதை வாலிகண்டபுரத்துக்காரர்கள் பார்த்திருப்பார்கள். மதுரை, தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு இதுதான் வழி. பெரம்பலூர், வாலிகண்டபுரம், தொழுதூர் தாண்டி உளுந்தூர்பேட்டை, அங்கிருந்து கூவாகம். சாலையோர டீக்கடையில் "கூத்தாண்டவர் கோயிலுக்குப் போறாங்க" என்று ஒரு பேச்சு எழும். கூடவே ஒரு சிரிப்பும். அந்தச் சிரிப்பை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் விடிய விடியக் கூத்து பார்த்துப் பழகிய பகுதி இது. தெருக்கூத்தில் திரௌபதியாக, பொன்னுருவியாக வேஷம் கட்டியவர்கள் காலங்காலமாக ஆண்கள்தான். திரௌபதி துகிலுரியப்படும்போது முன்வரிசைப் பாட்டிகள் மூக்கைச் சிந்துவார்கள். வேஷத்துக்கு உள்ளே இருப்பது யாரென்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். விடிந்து அரிதாரத்தைக் கலைத்துவிட்டு அவர் வேட்டி கட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. கலைக்க மறுத்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரை கொஞ்சம் பார்க்கப் போகிறது. ஊர் வரலாறு என்று எடுத்தால் 1751-ஐத்தான் எல்லோரும் சொல்வார்கள். சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் ஒருபக்கம், முகம்மது அலியின் ஆட்களும் ஆங்கிலேயர்களும் மறுபக்கம், கடைசியில் ஆங்கிலேயர் பின்வாங்கி ஓடினார்கள். வெள்ளைக்காரன் 'வால்கொண்டா' என்று ஊர்ப்பெயரைக் கடித்துத் துப்பி எழுதி வைத்த குறிப்புகள் இன்றும் கிடைக்கின்றன. பீரங்கிக்கு இருக்கிற ஆவணம் மத்தளத்துக்கு இல்லை.

தமிழில் இந்த ஆட்டத்துக்கு வயது அதிகம். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் ஒன்று பேடி. மகன் அநிருத்தனைச் சிறை மீட்க, வாணனின் சோ நகரத்தில் காமன் பேடிக் கோலம் கொண்டு ஆடியதாகக் கதை. மணிமேகலையில், மலர் பறிக்கப் போகும் மணிமேகலை கடந்துபோகும் தெருவிலேயே பேடிக்கோலத்து ஆட்டத்தைச் சூழ்ந்து நின்று வேடிக்கை பார்க்கிறது ஒரு கூட்டம். சாத்தனார் அந்தத் தாடியையும் கூந்தலையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக்கொண்டே போகிறார். அதற்கும் முன்னால் தொல்காப்பியர், இப்படிப்பட்டவர்களைச் சொல்லும்போது வினைமுடிபு எப்படி வரவேண்டும் என்று இலக்கணமே வகுத்துவிட்டார். இவற்றை வைத்துக்கொண்டு 'பார்த்தீர்களா, நம் முன்னோர்கள் எவ்வளவு பரந்த மனம் படைத்தவர்கள்' என்று மேடையில் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. சாத்தனாரின் தெருவிலும் சுற்றி நிற்பது வேடிக்கை பார்க்கும் கூட்டம்தான். ஆடலாம், பார்ப்போம் என்பதோடு அந்த மரியாதை முடிந்துவிடுகிறது. ஆடுகிறவர் யாரிடம் கற்றார், யாருக்குக் கற்றுக்கொடுத்தார் என்று எந்தக் காப்பியமும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டது, வினோதமாக, ஒரு காலனியச் சட்டம். 1871-ல் வந்த குற்றப்பரம்பரைச் சட்டத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் நிறையப் பேசியிருக்கிறோம். பெருங்காமநல்லூரை மறக்க முடியாது. அதே சட்டத்துக்கு இரண்டாம் பகுதி ஒன்று இருந்தது என்பது அந்த அளவுக்குத் தெரியாது. அந்தப் பகுதி 'அலிகள்' என்று அரசு வகைப்படுத்தியவர்களுக்கானது. சந்தேகத்துக்கு உள்ளானவர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பதிவானவர் பொது இடத்தில் பெண்ணுடையிலோ பெண்ணுக்குரிய நகையோடோ தென்பட்டால் குற்றம். தெருவில் ஆடினால் குற்றம். வாத்தியம் வாசித்தால் குற்றம். கூலிக்கு ஒரு வீட்டுக்குள் போய் ஆடிப் பாடினாலும் குற்றம். வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம், இரண்டு ஆண்டு வரை சிறை.

அதற்கு அடுத்த பிரிவு இன்னும் முக்கியம். பதிவானவர் வீட்டிலோ பொறுப்பிலோ பதினாறு வயதுக்குட்பட்ட சிறுவன் இருக்கக்கூடாது. இருந்தால் அதற்கும் இரண்டு ஆண்டு. அவர் எந்தப் பிள்ளைக்கும் காப்பாளராக முடியாது, தத்தெடுக்க முடியாது, தானமும் உயிலும் எழுத முடியாது. குழந்தைகளைக் கடத்துகிறார்கள், கெடுக்கிறார்கள் என்பது அரசு சொன்ன காரணம். பாட்டையும் பிள்ளையையும் ஒரே மூச்சில் தடுத்ததில் கணக்கு ஒன்று இருக்கிறது. வட இந்தியாவில் பிள்ளை பிறந்த வீட்டுக்கு டோலக்கோடு போய்ப் பாடி வாழ்த்துவதுதான் அவர்களுடைய பிழைப்பு. அந்தப் பாட்டைச் சொல்லித்தர குரு, கற்றுக்கொள்ள சேலா. இந்த இரண்டு பேரையும் பிரித்துவிட்டால் ஒரு தலைமுறையில் சமூகம் அற்றுப்போகும். பதிவேட்டில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக இறக்க, புதிதாக யாரும் சேராமல், தானாகவே கணக்கு முடியும் என்று அதிகாரிகள் எதிர்பார்த்தார்கள். இந்தச் சட்டத்தைப் பற்றி விரிவாக ஆராய்ந்த ஜெசிகா ஹிஞ்சி காட்டுவதும் இதைத்தான்.

இந்தப் பகுதி முதலில் நடைமுறைக்கு வந்தது வடமேற்கு மாகாணங்களிலும் அவத்திலும் பஞ்சாபிலும். சென்னை ராஜதானி அப்போது அந்தப் பட்டியலில் கிடையாது. ஆனால் 1919-ல் ஐதராபாத் நிஜாம் ஆட்சி கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு சட்டத்தைத் தன் பங்குக்குப் போட்டது. பசலி 1329 என்று அதன் தலைப்பிலேயே ஆண்டு இருக்கும். இந்தச் சட்டத்துக்குப் பின்னால் வருகிறேன்.

நம்மூரில் அதே சமயம் என்ன நடந்தது? 1918-ல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். பாலர் நாடகக் கம்பெனிகளின் காலம் அது. பத்து வயது, பன்னிரண்டு வயதுப் பையன்கள் வீட்டை விட்டுக் கம்பெனியில் சேர்ந்து, அடி வாங்கி, பாட்டுக் கற்று, பெண்வேஷம் கட்டினார்கள். ஔவையாராக நடித்தே 'அவ்வை' சண்முகம் ஆனார் தி.க.சண்முகம். ஊரே கொண்டாடியது. பையன்கள் பெண்ணாக வாழப் போவதில்லை என்ற உறுதி இருந்தவரை யாருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை.

அதே மதுரையில், அரை நூற்றாண்டு கழித்துப் பிறந்தவர் நர்த்தகி நடராஜ். ஆணாகப் பிறப்புப் பதிவு, உள்ளுக்குள் பெண். வைஜெயந்திமாலா படங்களைப் பார்த்து, பார்த்ததை ஆடிப் பார்த்த சிறுவயது. கூடவே சக்தி பாஸ்கர் என்ற தோழி, அவரும் திருநங்கை. இருவரும் சேர்ந்தே வளர்ந்து, சேர்ந்தே வசவு வாங்கி, சேர்ந்தே வீட்டை விட்டு வெளியேறினார்கள். அந்த வயதில் வெளியேறும் திருநங்கைக்கு அன்றும் இன்றும் திறந்திருக்கிற கதவுகள் குறைவு. பம்பாய்க்கு ரயில் ஏறலாம். கடை கேட்கப் போகலாம், அதாவது கடைகடையாகக் கைதட்டிக் காசு வாங்கலாம். இல்லாவிட்டால் பாலியல் தொழில். இந்த இருவரும் தஞ்சாவூருக்குப் போனார்கள்.

போனது கே.பி.கிட்டப்பா பிள்ளையிடம். பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வரின் வம்சம். இன்றைக்கு நாம் பார்க்கும் பரதநாட்டியக் கச்சேரி வரிசையை, அலாரிப்பு தொடங்கித் தில்லானா வரை, ஒழுங்கு செய்து வைத்தவர்கள் அந்த நால்வர். கிட்டப்பா பிள்ளை பாடகர், நட்டுவனார், வைஜெயந்திமாலாவுக்கே ஆசிரியர். சினிமாவில் பார்த்து ஆடிய பிள்ளைகள் அந்த ஆட்டம் ஊறிய இடத்தையே தேடிப் போயிருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். அவர் உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. ஏறக்குறைய ஓராண்டு காத்திருக்க வைத்தார். பிறகு 1984 வாக்கில் சேர்த்துக்கொண்டு, 1999-ல் மறையும்வரை சொல்லிக்கொடுத்தார். பதினைந்து வருஷ குருகுலம். 'நர்த்தகி' என்ற பெயரும் அவர் வைத்ததுதான்.

கிட்டப்பா பிள்ளை ஏன் சேர்த்துக்கொண்டார் என்பதற்கு நானாக ஒரு காரணம் நினைத்துக்கொள்வதுண்டு. 1930-களுக்குப் பிறகு சதிர் பரதநாட்டியமாகி, சபாக்களுக்கும் கலாக்ஷேத்ராவுக்கும் போனபோது, பரம்பரையாக ஆடியவர்களும் ஆட்டுவித்தவர்களும் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டார்கள். 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம். அந்தச் சட்டம் வேண்டியதுதான். முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் போராடியது வீண் இல்லை. ஆனால் கலையை வைத்துக்கொண்டு, கலைஞரின் மானத்தை எடுத்துக்கொள்வது எப்படி இருக்கும் என்று இசை வேளாளர் குடும்பத்து முதியவர் ஒருவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இது என் ஊகம்தான்.

அதன் பிறகு நடந்தவை பத்திரிகைகளில் வந்தவை. 2007-ல் கலைமாமணி, 2011-க்கான சங்கீத நாடக அகாதெமி விருது, 2019-ல் பத்மஸ்ரீ. திருநங்கை ஒருவருக்குக் கிடைத்த முதல் பத்ம விருது அது. 2021-ல் தமிழக அரசின் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினர். விருதுகளை விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு இரண்டு. வெள்ளியம்பலம் என்ற பெயரில் அவரும் சக்தியும் பள்ளி நடத்துகிறார்கள். தாய்தகப்பன்மார் தங்கள் சின்னப் பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து, திருநங்கை ஒருவரிடம் விட்டுவிட்டு, வகுப்பு முடியும்வரை வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளை, திருநங்கையின் வீடு, பாட்டும் ஆட்டமும். 1871 சட்டத்தின்படி வரிசையாக எல்லாமே குற்றம். இரண்டாவது, 2018-ல் வந்த புதிய பிளஸ் ஒன் பாடநூலில் அவரைப் பற்றிய பகுதி சேர்ந்தது. பெரம்பலூர்ப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில், கடைசி பெஞ்சில், தன்னைப் பற்றி யாரிடமும் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பத்மஸ்ரீயை விட அந்தப் பக்கங்கள் உதவும்.

கர்நாடகத்திலும் இப்படி ஒருவர். மஞ்சம்மா ஜோகதி. எல்லம்மாவுக்கு நேர்ந்துவிடப்பட்டு, வீட்டார் கைவிட, பிச்சையெடுத்துப் பிழைத்தவர். காளவ்வா என்ற மூத்த ஜோகதியிடம் ஆட்டத்தையும் பாட்டையும் கற்றார். 2019-ல் கர்நாடக ஜானபத அகாடமிக்குத் தலைவரானார். 2021 நவம்பரில் பத்மஸ்ரீ வாங்கும்போது, முந்தானையால் குடியரசுத் தலைவருக்கே திருஷ்டி கழித்தாரே, அந்த வீடியோவைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

அந்த நவம்பரிலேயே இன்னொன்றும் நடந்தது. பள்ளிகளில் திருநர் குழந்தைகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஆசிரியர்களுக்காக என்சிஇஆர்டி ஒரு கையேடு தயாரித்திருந்தது. தயாரித்த குழுவில் திருநர்களும் இருந்தார்கள். சீருடை, கழிப்பறை, கேலி பேசுவதைத் தடுப்பது என்று அடிப்படையான விஷயங்கள். இணையத்தில் ஏற்றிய சில நாட்களிலேயே, தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் ஆட்சேபித்ததும், கையேடு காணாமல் போனது. பிள்ளைகள் மனம் குழம்பிவிடும் என்பது ஆட்சேபணையின் சாரம். சென்னை உயர்நீதிமன்றத்தில் அப்போது நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன்னால் ஒரு வழக்கு இருந்தது. மதுரையிலிருந்து பாதுகாப்புக் கேட்டு வந்த இரண்டு பெண்களின் வழக்கு. அதில் பள்ளிக்கூடங்களில் விழிப்புணர்வு வேண்டும் என்று ஜூன் மாதமே உத்தரவிட்டிருந்தார். கையேட்டை இப்படி அவசரமாக எடுத்ததை டிசம்பரில் அவர் கண்டித்தார். 1871-க்கும் 2021-க்கும் இடையில் சரியாக நூற்றைம்பது ஆண்டு. ஆட்டத்தை அனுமதித்துவிட்டோம், விருதும் கொடுத்துவிட்டோம். பிள்ளை என்று வரும்போது மட்டும் கை பழைய பிரிவைத் தேடுகிறது.

ஐதராபாத் சட்டத்துக்கு வருகிறேன். நிஜாம் போனார், ஆந்திரம் பிறந்தது, தெலங்கானா பிரிந்தது. 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா வழக்கில் உச்சநீதிமன்றம் திருநர்களின் பாலின அடையாளத்தை அங்கீகரித்தது. அத்தனைக்குப் பிறகும் பசலி 1329 சட்டம் ஏட்டில் உயிரோடு இருந்தது. பாட்டு, ஆட்டம், பதினாறு வயது எல்லாம் அதிலும் உண்டு. 2018-ல் அதை எதிர்த்து ஐதராபாத் உயர்நீதிமன்றத்துக்குப் போனவர்களில் முன்னால் நின்றவர் வைஜயந்தி வசந்த மொக்லி. திருநங்கை, தகவல் உரிமைச் செயல்பாட்டாளர், அத்தோடு பாடகர். பாடுவதையே குற்றமாக்கிய சட்டத்தை ஒரு பாடகரே வழக்காடி முடித்திருக்கிறார். 2023 ஜூலையில் தெலங்கானா உயர்நீதிமன்றம் அந்தச் சட்டத்தை அரசியலமைப்புக்கு முரணானது என்று ரத்து செய்தது.

தமிழ்நாடு இதில் பல விஷயங்களில் முந்திக்கொண்டது உண்மை. 2008 ஏப்ரலில் நாட்டிலேயே முதன்முதலாக நல வாரியம். 'திருநங்கை' என்ற சொல் அரசு ஆணைகளுக்குள் வந்தது. 2024 பட்ஜெட்டில், உயர்கல்வி படிக்கும் திருநர் மாணவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அறிவித்தார்கள். நல்ல அறிவிப்பு. ஆனால் உயர்கல்விக்குப் போக பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும். நடை மாறுகிறது, குரல் மாறுகிறது என்று எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலுமே பள்ளியை விட்டுத் துரத்தப்படுகிறவர்கள்தான் அதிகம். டீச்சர் என்ன சொல்கிறார், பி.டி. மாஸ்டர் என்ன பட்டப்பெயர் வைக்கிறார், கழிப்பறைக்கு எந்தப் பக்கம் போவது, இந்த மூன்றில்தான் அந்தப் பிள்ளையின் படிப்பு நிற்கிறது.

கூவாகத்துக்குப் போகிற பேருந்தில் இப்போது இளவயதுக்காரர்கள் நிறைய. பௌர்ணமி இரவில் தாலி கட்டிக்கொண்டு, கற்பூரக் குவியலைச் சுற்றிக் கும்மியடித்துப் பாடுவார்கள். பாட்டுகளில் சில பழசு, சில அன்றைக்கே கட்டியது. மூத்தவர் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, முதல் வருஷமாக வந்த பெண் அடி தப்பாமல் கூடவே பாட முயல்வாள்.