கார் சாவி ரிமோட் உடைஞ்சு போச்சா? ஆயிரக்கணக்கில் செலவு பண்றதுக்கு முன்னாடி இதை படிங்க!

காஞ்சீபுரம்,

முகூர்த்த மாதம் வந்து விட்டால் காஞ்சீபுரத்தில் வாடகை கார்களுக்கு ஓய்வே கிடையாது. பட்டு எடுக்க வருகிறவர்களை காந்தி ரோட்டில் இறக்கி, அங்கிருந்து காமாட்சி அம்மன் கோவில், ஏகாம்பரநாதர் கோவில், சின்ன காஞ்சீபுரம் வரதராஜ பெருமாள் கோவில் என்று ஒரு சவாரியிலேயே பத்து, பதினைந்து தடவை காரை பூட்டி திறக்க வேண்டி இருக்கும். வியர்வை கையோடு அமுக்கி அமுக்கி ரிமோட்டின் ரப்பர் கிழியும். கீழே விழுந்து கூடு விரிசல் விடும். கடைசியில் ஒருநாள் கதவு திறக்காது.

கம்பெனி சாவி புதிதாக வாங்கினால் சில ஆயிரம் ரூபாய் போய் விடும். பட்டன் ஸ்டார்ட் காருக்கு பத்தாயிரத்தை தாண்டினாலும் ஆச்சரியம் இல்லை. தினக்கூலி மாதிரி சவாரி பார்த்து பிழைப்பவருக்கு இது பெரிய அடி. ஆனால் பல நேரங்களில் கெட்டுப் போவது சாவி இல்லை. அதில் உள்ள ஒரு சின்ன சாமான்தான். எது கெட்டதோ அதை மட்டும் மாற்றினால் போதும்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

உள்ளே என்ன இருக்கு?

1983-ல் வந்த மாருதி 800-க்கு வெறும் இரும்பு சாவிதான். அரம் வைத்து தேய்த்து கொடுத்தால் வண்டி ஓடும். கார் திருட்டு அதிகமானதால் ஐரோப்பிய நாடுகளில் 1998 முதல் புது கார்களுக்கு 'இம்மொபிலைசர்' என்ற திருட்டு தடுப்பு கருவி கட்டாயம் ஆனது. இந்திய கார்களிலும் அது பரவி விட்டது.

இப்போதைய ரிமோட் சாவியில் 5 சாமான்கள் உண்டு. ஒன்று, பிளாஸ்டிக் கூடு. இரண்டு, ரப்பர் பட்டன். மூன்று, பட்டன் பேட்டரி. நான்கு, கதவை திறக்கும் ரிமோட் போர்டு. ஐந்து, என்ஜினை ஸ்டார்ட் ஆக விடும் 'சிப்'.

இந்த சிப்புக்கு பேட்டரியே தேவை இல்லை. சாவியை நுழைக்கும் இடத்தை சுற்றி இருக்கும் காயில்தான் அதற்கு மின்சாரம் கொடுத்து, அதன் கோடு நம்பரை படிக்கிறது. நம்பர் பொருந்தினால்தான் என்ஜின் ஓடும். அதனால்தான் பேட்டரி தீர்ந்து ரிமோட் வேலை செய்யாத சாவியிலும் வண்டி ஸ்டார்ட் ஆகிறது.

நீங்களே கண்டுபிடிக்கலாம்

* காருக்கு பக்கத்தில் வந்தால்தான் வேலை செய்கிறதா? பேட்டரி பலவீனம்.

* அழுத்தி பிடித்தால்தான் வேலை செய்கிறதா? பூட்டுகிறது, திறக்கவில்லையா? பட்டன் அல்லது அதன் கீழ் உள்ள குட்டி சுவிட்ச் கோளாறு.

* கதவு திறக்கிறது, என்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை, டாஷ்போர்டில் சாவி படம் மின்னுகிறதா? சிப் பிரச்சினையாக இருக்கலாம்.

* வீட்டில் உள்ள ஸ்பேர் ரிமோட்டும் வேலை செய்யவில்லையா? கோளாறு காரில் இருக்கலாம். சாவிக்கு காசு செலவு பண்ணாதீங்க.

செல்போன் கேமராவில் ரிமோட்டை காட்டி பார்ப்பது டி.வி. ரிமோட்டுக்குத்தான் சரி. கார் ரிமோட் ரேடியோ அலையில் வேலை செய்வது. கேமராவில் எதுவும் தெரியாது.

பேட்டரி: நம்பரை பார்த்து வாங்குங்க

பழைய பேட்டரியின் மேல் 2032, 2025, 1632 என்று ஏதாவது நம்பர் இருக்கும். முதல் இரண்டு எண் அகலம், அடுத்த இரண்டு எண் தடிமன். 2032 என்றால் 20 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. தடிமன். 2025 தடிமன் குறைந்தது. அதை 2032 இடத்தில் போட்டால் ஆடும், விட்டு விட்டு வேலை செய்யும். அதே நம்பரைத்தான் கேட்டு வாங்க வேண்டும். கைக்கடிகார கடையிலேயே கிடைக்கும். நல்ல கம்பெனி பேட்டரியே நூறு ரூபாய்க்குள் முடிந்து விடும்.

பேட்டரியை கழற்றினால் பெரும்பாலான கார்களில் கோடு அழியாது. சில கார்களில் மட்டும் ரிமோட்டை திரும்ப சேர்க்க வேண்டி வரும். அதற்கான வழி காரோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும்.

பட்டன் ஸ்டார்ட் காரில் பேட்டரி தீர்ந்து நடுவழியில் நின்றால் பயப்பட வேண்டாம். ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் சின்ன சாவியை உருவி கதவை திறக்கலாம். பல கார்களில் ரிமோட்டாலேயே ஸ்டார்ட் பட்டனை தொட்டு அமுக்கினால் என்ஜின் ஓடும்.

கூடு மட்டும் மாற்றலாம்

கூடு உடைந்தால் அதே மாடலுக்கு காலி கூடு தனியாக கிடைக்கிறது. சில நூறு ரூபாய்தான். கார் உதிரி சாமான் கடையிலும், டூப்ளிகேட் சாவி போடுபவரிடமும் கேட்கலாம். சென்னைக்கு சவாரி போனால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் விசாரிக்கலாம். கடையில், "அண்ணே, சாவி வேணாம், கூடு மட்டும் மாத்தணும்" என்று தெளிவாக சொல்லி விடுங்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பல சாவிகளில் சிப், போர்டோடு சேர்ந்து இருக்காது. பழைய கூட்டின் ஒரு மூலையில் அரிசி மணி அளவுக்கோ, சின்ன கருப்பு கட்டி மாதிரியோ தனியாக ஒட்டிக்கொண்டு இருக்கும். அது தெரியாமல் பழைய கூட்டை குப்பையில் போட்டால் கதவு திறக்கும், வண்டி ஓடாது. நைந்த பட்டுப் புடவை என்றாலும் ஜரிகைக்கு என்ன விலை என்று கேட்காமல் காஞ்சீபுரத்தில் யாராவது தூக்கி போடுவார்களா? அதே கதைதான் இது. புது கூட்டில் வண்டி ஸ்டார்ட் ஆகும் வரை பழைய கூட்டை கையை விட்டு விடாதீர்கள்.

சாவி பிளேடு தேய்ந்திருந்தால் புது பிளேடு வெட்டி அதே கூட்டில் பொருத்தலாம். தேய்ந்த சாவியை பார்த்து வெட்டினால் தேய்மானமும் சேர்ந்து வரும். அதிகம் தேயாத ஸ்பேர் சாவியை மாதிரிக்கு கொடுப்பது நல்லது.

பட்டன் போனால், தண்ணீரில் விழுந்தால்...

குட்டி சுவிட்சை மாற்ற கார் மெக்கானிக் தேவை இல்லை. நுணுக்கமாக பற்ற வைக்க தெரிந்த செல்போன் ரிப்பேர்காரரே மாற்றி விடுவார். தண்ணீரில் விழுந்த சாவியை அமுக்கி பார்க்க கூடாது. உடனே பேட்டரியை கழற்றி, போர்டை துடைத்து, மின்விசிறி காற்றில் நன்றாக காய விட்டு பிறகு போடுங்கள்.

பழைய ரிமோட் மலிவாக கிடைக்கிறது என்று வாங்கி விடாதீர்கள். வேறு காருக்கு கோடு ஏற்றிய ரிமோட் பல மாடல்களில் உங்கள் காருக்கு சேராது.

தொலைந்தால்தான் பெரிய செலவு

சாவி தொலைந்தால் புது சாவிக்கு கோடு ஏற்ற வேண்டும். ஸ்டீயரிங் கீழே உள்ள பிளக்கில் மிஷினை சொருகி இதை செய்வார்கள். ஆர்.சி., அடையாள அட்டை, மீதி இருக்கும் எல்லா சாவிகளையும் கொண்டு போங்கள். தொலைந்த சாவியின் கோடை காரில் இருந்து அழிக்க சொல்லுங்கள். வேலை முடியும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள். பில் கேட்டு வாங்குங்கள். வாரண்டி உள்ள கார் என்றால் முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்பதே பாதுகாப்பு.

கார் திருடு போனால் இன்சூரன்ஸ் கம்பெனிகள் பொதுவாக இரண்டு சாவியையும் கேட்கும். எனவே சாவி தொலைந்ததும் போலீஸ் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கி வைப்பது நல்லது. சில பாலிசிகளில் சாவிக்கு தனி பாதுகாப்பும் உண்டு. உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

குழந்தைகள் ஜாக்கிரதை

கழற்றிய பேட்டரியை தறி மேடையிலோ, டி.வி. மேலோ வைத்து விடாதீர்கள். குழந்தை விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்து புண்ணாக்கி விடும். விழுங்கியதாக சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், 108-க்கு போன் செய்து உடனே ஆஸ்பத்திரிக்கு கொண்டு போக வேண்டும்.

கையில் ஒரே ஒரு சாவியை வைத்து ஓட்டுகிறவர்கள் இப்போதே இன்னொன்று போட்டு வீட்டில் வைப்பது நல்லது. ஒரு சாவி இருக்கும்போது இன்னொன்று போடுவது சுலபம். இருக்கிறதும் தொலைந்து விட்டால் செலவும் கூடும், கார் நிற்கும் நாளும் கூடும்.