கருங்காலி நாற்காலி கற்பித்த பாடம்



மாமல்லபுரத்து ஆதிவராகர் குகைக் கோயிலுக்குச் சென்றவர்கள் அங்குள்ள அரச சிற்பங்களைக் கண்டிருப்பீர்கள். சிம்மவிஷ்ணு என்று கல்வெட்டுப் பெயர் கூறும் பல்லவ மன்னன் ஒரு பீடத்தில் அமர்ந்திருக்கிறான். தேவியர் இருவர் அவன் பக்கத்தில் நிற்கின்றனர். அமர்ந்தவன் அரசன், நின்றவர் பிறர். இருக்கை என்பது அன்று வசதிப் பொருள் அன்று, மதிப்பின் சின்னம். பொதுமக்களுக்குப் பாயும் பலகையும் திண்ணையுமே போதுமானவையாக இருந்தன.

பிறகு நம் வீடுகளுக்குள் மரச்சாமான்கள் எவ்வாறு வந்தன? நம் சொற்களே விடை கூறும். கட்டில், முக்காலி, நாற்காலி ஆகியவை தமிழ்ச் சொற்கள். மேசையும் அலமாரியும் போர்ச்சுகீசியர் தந்தவை. இலங்கைத் தமிழர் நாற்காலியைக் கதிரை என்பர். அதுவும் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்ததே. பீரோவோ பிரெஞ்சுச் சொல். கடல் வழியே வந்த வணிகர்களின் வரலாறு நம் கூடத்தில் நாள்தோறும் ஒலித்துக்கொண்டிருக்கிறது!

பழைய மரச்சாமான்களை வாங்கி வீட்டை அழகு செய்யும் விருப்பம் இன்று பெருகியிருக்கிறது. அவற்றை எவ்வாறு தேர்ந்தெடுப்பது? இவ்வினாவுக்கு நம் கடற்கரையோடு தொடர்புடைய ஒரு வரலாறே நல்ல விடை தருகிறது. அதனை இன்று கூற விரும்புகிறேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை அடுத்துச் சதுரங்கப்பட்டினம் இருக்கிறது. அங்கே கடலை நோக்கி நிற்கும் செங்கற் கோட்டை ஒல்லாந்தர் எனப்படும் டச்சுக்காரர் கட்டியது. நம் நெசவாளரின் மெல்லிய துணிகளை நாடி அவர்கள் இக்கரைக்கு வந்தனர். 1613ஆம் ஆண்டிலேயே வடக்கே பழவேற்காட்டில் அவர்களுக்குக் கோட்டை அமைந்துவிட்டது. இவ்வாறு குடியேறிய ஐரோப்பியருக்குத் தரையில் அமரும் பழக்கமில்லை. ஆகவே சாய்மானமுள்ள நாற்காலிகள் வேண்டியிருந்தன. 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையின் தச்சர்கள் அவற்றைச் செய்து தந்தார்கள்.

அவர்கள் கருங்காலி மரத்தைக் கையாண்டனர். கருங்காலியின் வைரம் நீரில் இட்டால் மூழ்கும் அளவுக்குக் கனமானது. நிறமோ நள்ளிரவுக் கருமை. கயிற்றை முறுக்கியதுபோல் கடைந்த தூண்கள், சாய்மானத்தில் செதுக்கிய பூங்கொடிகள், கடற்கன்னியர் போன்ற உருவங்கள், அமருமிடத்தில் பிரம்புப் பின்னல் - இவை அந்நாற்காலிகளின் அடையாளங்கள். அமைப்பு ஐரோப்பியருடையது, உளியும் கையும் நம் நாட்டுத் தச்சருடையவை. இவற்றுள் பல கப்பலேறி ஐரோப்பா சென்றன.

ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழிந்தன. இங்கிலாந்தில் ஹோரஸ் வால்போல் என்னும் அறிஞர் வாழ்ந்தார். அந்நாட்டின் முதற் பிரதமர் எனப்படும் ராபர்ட் வால்போலின் மைந்தர் அவர். தேம்ஸ் நதிக்கரையில் ஸ்ட்ராபெரி ஹில் என்ற மாளிகையைப் பழைய கால பாணியில் எழுப்பி, அதற்கு ஏற்ற பழம்பொருள்களைத் தேடித் திரட்டினார். 1763இல் ஓர் ஏலத்தில் கருங்காலி நாற்காலிகள் சிலவற்றை வாங்கினார். அவை தம் நாட்டு டியூடர் மன்னர் காலத்தவை என்று உறுதியாக நம்பினார். காரணம் என்ன? எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் ஊல்சி வாழ்ந்த ஈஷர் மாளிகையில் இத்தகைய நாற்காலிகளை அவர் கண்டிருந்தார். 'மாளிகை ஊல்சியுடையது, ஆகவே நாற்காலியும் அவர் காலத்தது' என்று முடிவு கட்டிவிட்டார்.

ஊல்சி இறந்தது 1530இல். ஒல்லாந்தர் நம் கரையில் காலூன்றியதோ 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இருவருக்கும் இடையே முக்கால் நூற்றாண்டு இருக்கிறது! பழைய வீட்டில் புதிய பொருள் வந்து சேரக்கூடும் என்பதை அவ்வறிஞர் எண்ணிப் பார்க்கவில்லை. அவர் பெயரின் செல்வாக்கால் அடுத்த நூற்றாண்டின் நூல்களும் அதே பிழையைப் பரப்பின. பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் மரத்தையும் செதுக்கு வேலையையும் வணிகக் குறிப்புகளையும் ஒப்பிட்டு, இவை சோழமண்டலக் கரையில் பிறந்தவை என்று நிலைநாட்டினர். நம் தச்சன் செய்த நாற்காலி நெடுங்காலம் ஆங்கிலேய மன்னர் காலத்துப் பொருளாகப் பெயர் பெற்றிருந்தது. தச்சனின் ஊரும் பேரும் மறைந்தன.

பெயரும் நம்மை ஏமாற்றக்கூடும். 'கோரமண்டல் திரை' என்று உலகெங்கும் புகழ்பெற்ற அரக்குப் பூச்சுத் திரைகள் உண்டு. அவை இங்கே செய்யப்பட்டவை அல்ல. சீனத்தில் செய்யப்பட்டு, சோழமண்டலத் துறைகள் வழியாக ஐரோப்பா சென்றதால் அப்பெயர் பெற்றன. நம்முடையதற்கு அயலார் பெயர். அயலாருடையதற்கு நம் பெயர்!

ஆகவே, பழம்பொருள் வாங்குவோர் கடைக்காரர் கூறும் கதையைக் கேட்பதோடு நின்றுவிடலாகாது. பொருளையே கேட்க வேண்டும். அது பேசும் இடம் அதன் அடிப்பக்கம். மேசையைக் கவிழ்த்துப் பாருங்கள். இழுப்பறையை வெளியே எடுத்துப் பாருங்கள். கையால் இழைத்த பலகையில் உளியின் தடமும் சிறு மேடுபள்ளமும் தெரியும். மூலையில் புறாவின் வால்போல் விரிந்த இணைப்புகள் ஒன்றுக்கொன்று சிறிதேனும் வேறுபட்டிருந்தால் அவை கைவேலை. உருண்டையான கம்பி ஆணிகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பெருகின. அவை முதற்கட்டிலிருந்தே அமைந்திருக்குமானால் 200 ஆண்டுப் பழமை என்னும் பேச்சை நம்ப வேண்டா. தேய்மானம் கை படும் இடத்தில் இருப்பது இயல்பு. எங்கும் ஒரே சீராக இருந்தால் ஐயுறுக.

அடுத்து, அப்பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்று அறிதல் வேண்டும். புலவர் மோசிகீரனார் களைப்பினால் சேரமன்னனின் முரசுகட்டிலில் அறியாது ஏறி உறங்கிவிட்டார் என்பதைப் புறநானூற்றால் அறிவோம். மன்னன் தமிழுக்காகப் பொறுத்து, கவரி வீசி நின்றான். நம் அறியாமையைப் பொருள்கள் அவ்வாறு பொறுப்பதில்லை! நெல் கொட்டிவைக்கும் பத்தாயத்தைச் சிறு அறையில் அடைத்தால் நடக்க வழியிராது. வாங்குமுன் வாயிலின் அகலத்தையும் படிக்கட்டின் திருப்பத்தையும் அளந்துகொள்ளுங்கள். சிறிய வீட்டுக்கு ஒரு நல்ல பொருளே போதும். செங்கற்பட்டுக் கடற்கரையில் உப்புக் காற்று இரும்பைத் தின்னும். பித்தளைக் கீல்கள் ஏற்றவை. ஈரம் ஏறும் சுவரைவிட்டுச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். பழைய மெருகை முற்றும் சுரண்டிப் புதுப்பித்தால் அதன் வயதையே சுரண்டியதாகும்.

சட்டமும் இதில் அக்கறை கொண்டுள்ளது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த கலைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யலாகாது. கருங்காலி நாற்காலிகள் கப்பலேறிய காலத்தில் இத்தகைய காவல் இல்லை. ஆனால் நாட்டுக்குள்ளேயே பொருள்கள் வேரற்றுப் போவதைச் சட்டம் மட்டும் தடுக்க இயலுமா? 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது அங்கே பொருளீட்டிய செட்டிநாட்டுக் குடும்பங்கள் பல நலிந்தன. பின்னாளில் பர்மாத் தேக்காலான எத்தனையோ தூண்களும் கதவுகளும் பெட்டிகளும் விற்பனைக்கு வந்தன. முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா, தென்னாட்டுப் பழைய இல்லங்களை மீண்டும் எழுப்பி, பொருள்களை அவற்றுக்குரிய கூடத்திலேயே காட்டுகிறது. மாமல்லபுரம் செல்லும்போது அங்கும் சென்று வாருங்கள்.

என் பாட்டனார் அமர்ந்த நீண்ட கைகளுடைய சாய்வு நாற்காலி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. வீட்டை இடித்துக் கட்டியபோது, இடமில்லையென்று அதனைப் பழைய சாமான் வாங்குபவரிடம் விறகு விலைக்குக் கொடுத்துவிட்டேன். அது தோதகத்தி மரம் என்று பின்னர் ஓர் உறவினர் கூறினார். விலை போனது எனக்குப் பெரிதன்று. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாணவருக்கு வரலாறு கற்பித்த நான், அந்த நாற்காலியை ஒருமுறைகூடக் கவிழ்த்துப் பார்த்ததில்லை. அதைச் செய்தவர் யார், எங்கே செய்யப்பட்டது என்று பாட்டனாரிடம் கேட்டதுமில்லை. வால்போல் தவறாகவேனும் கேட்டார். நான் கேட்கவே இல்லை.

ஆகவே இன்று மாலை உங்கள் வீட்டில் உள்ள மிகப் பழைய மரப்பொருளைக் கண்டுபிடியுங்கள். அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பெரியவர்களிடம் கேட்டு, அது எங்கிருந்து வந்தது, யார் பயன்படுத்தினார் என்று ஒரு தாளில் நான்கு வரி எழுதி, அதன் உள்ளேயே வைத்துவிடுங்கள். நாளை அது எந்த வீட்டுக்குச் சென்றாலும் தன் வரலாற்றைத் தன்னுடன் கொண்டு செல்லும்.