பிரேக் சவுட்டினா நிக்கணும்

போன லீவுக்கு ஊருக்குப் போனபோது பதினைந்து நாளில் ஐந்து நாளை ஜீப்புக்கு அடியில் படுத்தே கழித்தேன். மஸ்கட்டில் பேங்க் லெட்ஜர் பார்த்துப் பிழைக்கிற பி.காம்.காரனுக்கு இது தேவையா என்று வீட்டம்மா கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் இதற்குப் பின்னால் ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

எங்கள் வீடு பாறசாலைப் பக்கம். அப்பாவிடம் 1982 மாடல் ஜீப். 1994ல் ஒரு மழை நாள், பனச்சமூட்டில் இருந்து ரப்பர் ஷீட் ஏற்றி வரும்போது, இறக்கத்தில் பிரேக் பெடல் சட்டென்று தரையைத் தொட்டுவிட்டது. அப்பா கியரைக் குறைத்து, ரப்பர் தோட்டத்து மண்திட்டில் வண்டியைச் சாய்த்து நிறுத்தினார். உயிர் பிழைத்தது. இடது முட்டி மட்டும் அதன்பிறகு முழுசாக மடங்கவில்லை.

பின்சக்கரத்துக்குப் போகிற ஒரு பைப்பை துரு அரித்து ஒடித்திருந்தது. பழுது ஒரு பைப்பில். பிரேக் போனதோ நாலு சக்கரத்திலும். ஏன்? பல வருடமாக மண்டையைக் குடைந்த கேள்வி இது.

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

டிரம் பிரேக்கை லூயி ரெனோ கொண்டுவந்தது 1902ல். அதே வருடம் இங்கிலாந்தில் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குப் பேடண்ட் வாங்கிவிட்டார். ஆனால் உலகம் டிரம்மோடு போனது. 1921ல் அமெரிக்க டூசன்பர்க் காரில் நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக் வந்தது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் இருக்கும் ஆயில் குழாய் வழியே போய் நாலு சக்கரத்தையும் ஒரே அழுத்தத்தில் பிடிக்கும். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் நாலுக்கும் ஆயில் ஒன்று, வழி ஒன்று. எங்கே ஓட்டை விழுந்தாலும் அழுத்தம் முழுதும் அந்த வழியே வெளியேறிவிடும்.

1941ல் போருக்காக அவசரமாகச் செய்த வில்லிஸ் ஜீப்பிலும் இதே ஏற்பாடுதான். ஒன்பது அங்குல டிரம், நாலு மூலையிலும் பட்டைச் சுருள், ஒரே மாஸ்டர் சிலிண்டர். போர்க்களத்தில் சுலபமாக ரிப்பேர் செய்ய வேண்டும், அவ்வளவே கணக்கு.

போர் முடிந்ததும் அந்த ஜீப் இந்தியாவுக்கு வந்தது. 1945ல் இரும்பு வியாபாரத்துக்காகத் தொடங்கிய மஹிந்திரா அண்ட் முகமது கம்பெனியின் பங்குதாரர் குலாம் முகமது, பிரிவினையின்போது பாகிஸ்தான் போய் அங்கே முதல் நிதியமைச்சர் ஆனார். 1948ல் கம்பெனி மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆயிற்று. அவர்கள் பம்பாயில் பூட்டித் தந்த ஜீப்தான் நம் மலையோரத் தோட்டங்களுக்கெல்லாம் ஏறி வந்தது.

உதிரிபாகத்தில் நம்ம ஊர்ப் பங்கும் உண்டு. டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து 1962ல் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. ஆலை சென்னை பாடியில். ஷாக் அப்சார்பருக்கு 1961ல் பம்பாய் முலுண்டில் கேப்ரியல் இந்தியா. ஆக, பாகம் செய்யத் தெரியாத நாடு இல்லை நாம். ஆனால் லைசன்ஸ் ராஜ்ஜியத்தில் வண்டிக்குத்தான் மனிதர்கள் காத்துக் கிடந்தார்கள். விற்கிற வண்டியை யார் மாற்றுவார்கள்? அமெரிக்காவில் 1968ல் இருந்து பிரேக் ஆயிலுக்கு இரண்டு தனித்தனி வழி கட்டாயம். 1982ல் செய்த எங்கள் வண்டியில் அப்போதும் ஒரே வழிதான்! என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

1956 நவம்பர் 1ல் விளவங்கோடு வரை நாலு தாலுகா தமிழ்நாட்டுக்குப் போயின, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அதனால் எங்களுக்கு பள்ளிக்கூடம் மலையாளம், வீடு தமிழ், ஸ்பேர் பார்ட்ஸ் மார்த்தாண்டம். நான் டிஸ்க் பிரேக் கனவோடு போனேன். ஒர்க்‌ஷாப் ஆசான் சிரித்தார்.

"டிஸ்க் நல்லதுதான் பிள்ளே. ஆனா பைப் ஒடிஞ்சா அதுவும் நிக்காது. மொதல்ல வழிய ரெண்டாக்கு."

இன்னொரு விஷயமும் உண்டு. ஆர்.டி.ஓ. தொடர்ந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட், கம்பெனி விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அதனால் செய்யப்போவதை எழுதிக்கொண்டுபோய் ஆர்.டி. ஆபீஸில் கேட்டபிறகே கைவைத்தோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அண்ணனும் நானும் டிரம்மை அப்படியே வைத்துக்கொண்டு, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறையுள்ள மாஸ்டர் சிலிண்டர், புது பைப், புது லைனிங் போட்டோம். பழைய லைனிங் தூசியில் கல்நார் இருக்கலாம். ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தோம். ஷாக் அப்சார்பர் நாலும் புதுசு. அது சொகுசுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். தேய்ந்த ஷாக்கில் டயர் குதிக்கும். தரையைத் தொடாத டயரை எந்த பிரேக்கும் நிறுத்தாது என்று ஆசான் சொல்லித்தான் புரிந்தது.

காற்று எடுக்கும் வேலைக்கு அண்ணன் மகன் பெடலில். "சவுட்டு… பிடி… விடு" என்று ஒரு சாயங்காலம் முழுக்க.

கடைசியாக ஒரு பரீட்சை. பின்சக்கரத்து நிப்பிளை வேண்டுமென்றே திறந்துவிட்டு, சமதள முற்றத்தில் அண்ணன் வண்டியை நடைவேகத்தில் உருட்டி மிதித்தார். ஆயில் பீய்ச்சியது. பெடல் பாதிக்கு மேல் இறங்கி, அங்கேயே நின்றது. முன்சக்கரம் பிடித்து வண்டியும் நின்றது. 1994ல் நடந்த அதே பழுது. வண்டி மட்டும் நின்றுவிட்டது.

திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "நிப்பிள முறுக்கிட்டு வண்டிய கழுவி விடுங்கடே" என்றார்.

ஊரில் உங்கள் அப்பாவோ மாமாவோ இன்னும் பழைய ஜீப் ஓட்டுகிறார்களா? அடுத்த லீவில் போகும்போது சென்ட் பாட்டிலோடு இதையும் கேளுங்கள்: பிரேக்குக்கு வழி ஒன்றா, இரண்டா?