வாப்பாவின் மொரிஸ் சீட்டும் மகனின் காரும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

போன மாதம் மகன் ஒரு ஆசையோடு வந்தான். மர்ஹூம் வாப்பாவின் மொரிஸ் மைனரை 1994இல் இரும்புக்குக் கொடுத்தபோது, முன் சீட்டுகள் இரண்டையும் உம்மா கழற்றி வைக்கச் சொன்னார். அன்றிலிருந்து ஸ்டோர் அறையில் கிடக்கின்றன. "இதுக்கு மறுபடி குஷன் அடிச்சு என்ட கார்ல போட்டா எப்படி வாப்பா?" என்றான். அவனுடையது 2017ஆம் ஆண்டு ஜப்பான் கார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே சரி என்றேன். மூன்று நாள் கழித்து வேண்டாம் என்றேன். இடையில் என்ன நடந்தது என்பதுதான் இந்தப் பதிவு.

ஒரு பழைய சீட்டை வீசாமல் முப்பது வருடம் வைத்திருக்கும் புத்தி நமக்கு எங்கிருந்து வந்தது? இளையவர்களுக்கு இது தெரியாது. மொரிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த கார். வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். ஆசிரியர், கிளார்க், சிறு வியாபாரி என்று நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டிய கார் அதுதான். 1960களின் தொடக்கத்தில் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. பிறகு 1977 வரை புதுக் கார் என்பது சாதாரண மனிதன் நினைத்தும் பார்க்க முடியாத ஒன்று. உபாலி விஜேவர்தன இங்கேயே பொருத்தி விற்ற பியட், மஸ்டா கார்கள் போல ஒருசில விதிவிலக்குகள் இருந்தன. மற்றபடி இருந்ததை வைத்தே ஓட்ட வேண்டும்.

அதனால் ஒரு கார் செத்தால் அது பத்துக் காருக்கு உயிர் கொடுத்தது. பள்ளத்தில் விழுந்த ஒஸ்டினின் கதவு ஒரு ஊருக்கு, கியர்பெட்டி இன்னொரு ஊருக்கு. பழைய உதிரிப்பாகம் என்றால் பஞ்சிகாவத்தை. அந்தத் தொழிலில் நம்மவர்கள் எத்தனை பேர் வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. 1977க்குப் பிறகு ஜப்பான் ரீகண்டிஷன் கார்கள் வந்தன. அங்கே வாகனப் பரிசோதனைச் செலவு அதிகம். அதனால் நல்ல காரையே கழித்துவிடுவார்கள். நம்மைப் போல அவர்களும் வீதியின் இடப்பக்கம் ஓட்டுபவர்கள், ஸ்டியரிங் வலப்பக்கம். பாதியாக வெட்டிய "ஹாஃப் கட்" கார்கள் கொள்கலன்களில் வந்து இறங்கின. மொரிஸ்காரர்கள் பலர் அதிலிருந்து சாயும் சீட்டுகளை எடுத்துத் தங்கள் காருக்குப் போட்டார்கள். என் மகன் கேட்டது இதற்கு நேர் எதிர்!

சீட்டைக் கழற்றிப் பார்ப்போம் என்று குஷன் கடை பாஸிடம் கொண்டு போனேன். மேலே வாப்பா போட்ட சிவப்பு ரெக்சின். அதற்குக் கீழே தும்பு. அசல் நிரப்பு நைந்த காலத்தில் இங்கே திணித்த தென்னந்தும்பு. ஒரு காலத்தில் நம் தும்பும் ரப்பர் பாலும் கப்பலேறிப் போய் வெளிநாட்டு மெத்தைகளுக்குள் புகுந்தன. 1929இல் டன்லப் கம்பனி ரப்பர் பாலை நுரையாக்கி மெத்தை செய்த பிறகு அந்தத் தேவை இன்னும் கூடியது. காரை அவர்கள் அனுப்பினார்கள், உட்காரும் சுகத்தின் மூலப்பொருளை நாம் அனுப்பினோம். இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

பாஸ் சட்டத்தைத் தூக்கிக் காட்டினார். "சேர், இதப் பாருங்க." முன்பக்கம் மட்டும் இரண்டு கீல். பின்பக்கம் எதுவும் இல்லை. எங்களுடையது இரண்டு கதவு மொரிஸ். பின்னால் இருப்பவர் இறங்க வேண்டுமென்றால் முன் சீட்டு முழுசாக முன்னால் கவிழும். பூட்டு கிடையாது.

அந்த நொடியில் என் கை தானாக நெற்றிக்குப் போனது. எனக்கு ஏழெட்டு வயது. கடுகண்ணாவை வளைவில் எதிரே லொறி. வாப்பா பிரேக்கை மிதித்தார். அவர் இடது கையை என் நெஞ்சுக்குக் குறுக்கே நீட்டினார். அந்தக் காலத்தில் எங்கள் எல்லோருக்கும் பெல்ட் அந்தக் கைதான். அன்று அது போதவில்லை. சீட்டோடு சேர்ந்து நானும் கவிழ்ந்தேன். தழும்பு இன்னும் இருக்கிறது. இத்தனை வருடமும் வாப்பா வேகமாக ஓட்டினார் என்றே நினைத்திருந்தேன். அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

மூன்று இடத்தில் பிடிக்கும் பெல்ட்டை வொல்வோ பொறியியலாளர் நீல்ஸ் போலின் 1959இல் கொண்டுவந்தார். தலை பின்னால் மடங்கிக் கழுத்து முறியாமல் தாங்கும் தலையணை, அமெரிக்காவில் புதுக் கார்களுக்குக் கட்டாயமானது 1969இல். நம் நாட்டில் முன் சீட்டுக்குப் பெல்ட் சட்டமானது 2011இல்தான். வாப்பாவின் சீட்டு இவை எல்லாவற்றுக்கும் முந்திய காலத்துச் சாமான்.

மகனின் காரில் பெல்ட்டின் கொளுக்கி சீட்டின் சட்டத்திலேயே பொருத்தியிருக்கிறது. சீட்டைக் கழற்றினால் அதுவும் போகும். சாய்மானத்துக்குள் பக்கவாட்டு எயார்பேக் இருக்கிறது, அதன் மஞ்சள் வயர் சீட்டுக்கடியில் ஓடுகிறது. "வயரைக் கழட்டிட்டு டேஷ்போர்ட் லைட்டை அமத்திடலாம், பிரச்சினையில்ல" என்று ஒரு கராஜில் சொன்னார்களாம். பெயர் வேண்டாம். லைட் அணையும். எயார்பேக் வேலை செய்யாது. அந்தச் சீட்டில் தினமும் உட்காரப் போவது என் மருமகள், மடியில் பேத்தி இருக்கும் நாளும் உண்டு. (அதுவும் கூடாது என்று அன்றே சண்டை பிடித்தேன், அது வேறு கதை.)

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில் திறக்கும் வரை பழைய சாமானை நம்பியே நாடு ஓடியது. அதனால் பஞ்சிகாவத்தையை நான் குறை சொல்லவில்லை. கதவுக் கைபிடியோ கண்ணாடியோ தாராளமாக வாங்குங்கள். சீட்டு வாங்குவதென்றால் அதே மொடல், அதே ஆண்டு, கொளுக்கியும் வயரும் ஒன்றுதானா என்று பார்த்து வாங்குங்கள். விபத்தில் எயார்பேக் வெடித்த காரின் சீட்டு என்றால் தொடவே வேண்டாம்.

மகன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். பிறகு அவனே பாஸிடம் சொல்லி பலா மரத்தில் கால் அடிப்பித்தான். பின்பக்கம் இரண்டு போல்ட் போடச் சொன்னதும் அவன்தான். இப்போது இரண்டு சீட்டும் முன் விறாந்தையில். இடது சீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ரெக்சினை மாற்ற உம்மா விடவில்லை.

உங்கள் வீட்டிலும் பழைய காரின் ஏதாவது ஒரு துண்டு கிடக்கும். படம் எடுத்துக் கீழே போடுங்கள், எந்தக் கார், யாருடையது என்றும் எழுதுங்கள்.